பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

மே 26, செவ்வாய்

வெயில். அக்னி நட்சத்திரம் முடியப் போகிறது, போவதற்குள் எல்லோரையும் வறுத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறது.

லீவில் செய்ய வேண்டியவை: ஹாஸ்டல் பெட்ஷீட் துவைக்க. கண்ணாடி ஃப்ரேம் மாற்ற. பல் டாக்டர் (தள்ளிப் போடலாம்). ரெகார்டு கடை.

கடைசியில் எழுதியதைத்தான் முதலில் செய்தேன். சென்னையிலிருந்து வந்து பை கூடப் பிரிக்கவில்லை. "வந்ததும் வராததுமா எங்கடி?" என்று அம்மா. திருவண்ணாமலைக்கு என்றேன். "கோயிலுக்கா?" என்றார். செருப்பு மாட்டினேன்.

கீழ்பென்னாத்தூரில் மஞ்சள் பஸ்சுக்காக நின்றேன். அரசு பஸ் காலியாகப் போனது. யாரும் ஏறவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாட்டு இல்லாத பஸ் பஸ்ஸே இல்லை. மஞ்சள் பஸ்சில் ஓடும் பாட்டெல்லாம் எங்கள் கடையில் ஏற்றியது. எங்கள் கடை என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

தேரடித் தெரு. அன்பு ஆடியோஸ். ஒரு சுவர் முழுக்க எல்.பி. ரெகார்டுகள், இன்னொரு சுவரில் சி.டி., முன்னால் கம்ப்யூட்டர், பென்டிரைவ், மெமரி கார்டு. ஸ்டூல் அதே இடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே. ஹெட்போனுக்குப் புது பஞ்சு. ஹாஸ்டலில் போனில் கேட்பதெல்லாம் ரூம்மேட்டுகளின் சத்தத்தை மறைக்கத்தான். இங்கே உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்டால்தான் கேட்ட மாதிரி.

கடைச் சட்டம்: ரெகார்டில் ஒரு பக்கம் சும்மா கேட்கலாம். மறுபக்கம் கேட்க வேண்டுமானால் வாங்க வேண்டும். அன்பு அண்ணன் போட்ட சட்டம். அவர் மாரடைப்பில் போய் நான்கு வருடம். இப்போது கடையை நடத்துவது அவர் மனைவி மஞ்சு அக்கா. சட்டம் அப்படியே இருக்கிறது, எனக்கு மட்டும் பொருந்தாது.

"இளைச்சுட்ட. ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா, பாட்டு போடறாங்களா?" என்றார் அக்கா.

செங்கம் ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டு அம்மா ஒருவர் வந்திருந்தார். வெள்ளைப் புடவை, நல்ல உயரம். வார்த்தையே இல்லாத பாட்டு வேண்டுமாம். அக்கா ஒரு நாதஸ்வர ரெகார்டு போட்டார். அந்த அம்மா கண்ணை மூடி, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். அக்கா என் காதில், "கல்யாண வீட்ல பந்தி நடக்கறப்ப வாசிக்கறது. அழுவுது பாரு, பாவம்" என்றார். நான் சிரிப்பை அடக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா மறுபக்கமும் கேட்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

மதியம் மஞ்சள் பஸ் டிரைவர் சேகர் அண்ணன் வந்தார். செவ்வாய்தான் அவர் பழைய பாட்டைக் கொடுத்துப் புதுப் பாட்டு வாங்கும் நாள். ரோட்டில் அவர் தலை தெரிந்ததுமே அக்கா கண்ணாடி பார்க்காமலே நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சேகர் அண்ணன் வந்து, "வெயில் ஜாஸ்தி" என்றார். அக்கா, "ஆமா" என்றார். "இந்த வாரம் பௌர்ணமி, கூட்டம் வரும்." "ஆமா." "சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்." "ஆமா."

மூன்று ஆமா. வேறு யாராவது வந்திருந்தால் அக்கா பேசிப் பேசிப் பஸ்ஸையே விலைக்கு வாங்கியிருப்பார்.

மே 27, புதன்

துவைத்தேன். பெட்ஷீட்டிலிருந்து வந்த தண்ணீர் டீ நிறம்.

அப்பா விதைக்கடலை விலை பற்றி போனில் யாரிடமோ சண்டை. அம்மா நேற்று நான் வாங்கி வந்த சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒலகமே போன்ல கேக்குது. நீ ஒருத்திதான் தட்டு தட்டா வாங்கற" என்றார். மத்தியானம் அதைப் போட்டேன். மிக்சியை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்டது யார்? அம்மாதான். எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும்.

சேகர் அண்ணன் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன். (அம்மாவுக்குத் தெரியாததா.) நம் ஊர்தான், ஏரிக்கரைத் தெரு. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தங்கைகளுக்குச் செய்து முடிப்பதற்குள் நாற்பது ஆகிவிட்டது. "நல்ல புள்ள. பிரேக் போட்டா தூங்கற புள்ள கூட முழிக்காது" என்றார் அம்மா. டிரைவருக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் கிடையாது.

மே 28, வியாழன்

மறுபடியும் கடை. அக்கா பௌர்ணமி வேலையில். கிரிவலப் பாதையில் பந்தல் போடுகிறவர்கள் எல்லோரும் சாமிப் பாட்டு ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா பென்டிரைவும் ஒரே கறுப்பு, ஒரே கம்பெனி. மொத்தமாக வாங்கினால் கம்மி என்று வாங்கியது. சாமிப் பாட்டு ஏற்றியதற்கு மட்டும் அக்கா சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இல்லாதது பஸ், டிராக்டர், கல்யாணம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கேசட் காலத்திலிருந்தே இந்தக் கடையில் பாட்டுக்கு முன்னால் குரலில் முத்திரை போடுவார்கள். முன்பு அன்பு அண்ணன் குரல், இப்போது அக்கா. எனக்கு ஃபேனை நிறுத்தும் வேலை. அக்கா மைக்கைப் பிடித்து, பேங்கில் டோக்கன் கூப்பிடும் குரலில்: "அன்பு ஆடியோஸ், தேரடித் தெரு, திருவண்ணாமலை. அடி அண்ணாமலை அன்னதானப் பந்தலுக்காக." அடி அண்ணாமலையில்தான் அக்காவின் மாமனார் வீடு, அது அவர்கள் பந்தலேதான். அதற்கும் அதே டோக்கன் குரல்.

மஞ்சள் பஸ்சின் முறை வந்தபோது, "நித்யா, போய் டீ வாங்கிட்டு வா" என்றார். இப்போதுதானே குடித்தோம் என்றேன். "போயேன்" என்றார்.

போனேன். டீ ஆறும் வரை வெளியிலேயே நின்றுவிட்டு வந்தேன். முட்டாளில்லை நான்.

அதற்கப்புறம் அவரே சொன்னார். பொங்கல் முடிந்த வாரம் சேகர் அண்ணன் கேட்டாராம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா என்று. அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. போனில் பேசவும் வழியில்லை. வீட்டில் இருக்கும்போது அக்கா போன் மாமியாரிடம் சீரியல் பார்க்கும், இல்லையென்றால் மகள் யாழினியிடம் விளையாடும். அவர் வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். அதனால் செவ்வாய்க்கிழமை, அந்த நாலு வார்த்தை.

பிடித்திருக்கா என்று கேட்டேன். அக்கா மவுசைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"புடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு. கடை மாமா பேர்ல இருக்கு. போர்டுல அவங்க புள்ள பேரு. நான் போறேன்னு சொன்னா, போ, கடைய வெச்சுட்டுப் போ, பாப்பாவ வெச்சுட்டுப் போன்னு சொல்லிட்டா? கடைய வுட்டுடுவேன். யாழினிய எப்படி வுடறது?"

யாழினிக்கு எட்டு வயது. அவளைப் பிரிந்துவிடுவோமோ என்று ஒருத்தி பயந்துகொண்டிருக்கிறாள், எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஐயோ, கடையை மூடிவிடுவார்களா. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தோன்றியதைத்தானே எழுத வேண்டும்.

மே 30, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை: அக்கா போன் செய்தார். பௌர்ணமி, அடி அண்ணாமலை வீட்டில் மருமகள் இல்லாமல் பந்தலுக்குக் காய் நறுக்க முடியாதாம். "மதியம் வரைக்கும் கடைய பாத்துக்கறியா?" எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷத்து ஆசை. ஷட்டரை நானே தூக்கினேன்.

நல்ல நாள். முதல் முறை தனியாகக் கடை திறக்கிறேன். சும்மா திறக்கலாமா? பெருக்கித் துடைத்து, ஊதுபத்தி ஏற்றி, குங்குமம் குழைத்து கம்ப்யூட்டருக்கு, மவுசுக்கு, ஆம்ப்ளிஃபையருக்கு, ரெகார்டு ப்ளேயருக்குப் பொட்டு வைத்தேன். வாங்கிப் போக வேண்டிய பென்டிரைவெல்லாம் ஒன்று டப்பாவில், ஒன்று டிராயரில் என்று சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழகாக அடுக்கி, அவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எல்லாவற்றுக்கும். ஆயுத பூஜைக்கு அம்மா சைக்கிள் பம்ப்புக்குக் கூட வைப்பார், அந்தக் கை.

பிறகு கூட்டம். ஆந்திரா பக்கமிருந்து வந்த பஸ்காரர்கள், மெமரி கார்டு கேட்டு நாலு பேர், "செருப்பு இங்க வுடலாமா" என்று கேட்டு ஒரு குடும்பம். அடி அண்ணாமலைப் பந்தலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். சிவப்புப் பொட்டு வைத்ததை எடுத்துக் கொடுத்தேன். சேகர் அண்ணன் அவசரமாக வந்தார். மீதி இருந்ததைக் கொடுத்தேன். அக்கா எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். பந்தலில் என்றேன்.

மதியம் அக்காவின் தோழி வந்து கடைப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். நான் வீட்டுக்குத் திரும்ப மஞ்சள் பஸ் ஏறினேன். முன் சீட் கிடைத்தது. சேகர் அண்ணன் வண்டியை எடுத்தார், சத்தத்தைக் குறைத்து வைத்துப் புது பென்டிரைவைச் செருகினார்.

"அன்பு ஆடியோஸ், தேரடித் தெரு, திருவண்ணாமலை. அடி அண்ணாமலை அன்னதானப் பந்தலுக்காக."

உடனே சிவன் பாட்டு. பஸ் முழுக்க மகிழ்ச்சி. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பரவால்லியே, பௌர்ணமிக்குன்னு போட்டிருக்கான்" என்றார் ஒருவர். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கண்ணாடியில் சேகர் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"ஏம்மா. அப்ப என்னோடது எங்க?"

என்னோடது என்று அவர் சொன்ன விதத்தில், அக்கா என்னை டீ வாங்க அனுப்பியது ஞாபகம் வந்தது. அக்காவுக்கு போன் போட்டேன். எடுத்தது யாழினி. அவள் பின்னால் ஒரே இரைச்சல், கரண்டிச் சத்தம், அதற்கு மேலே ஹாரன் ஸ்பீக்கர். யாழினி துள்ளுகிறாள்: "நித்யாக்கா! இங்க அம்மா மைக்ல பேசுது! என் பேரு கூட சொல்லுது!"

போனிலேயே கேட்டது. டோக்கன் குரல் இல்லை. நான் அதுவரை கேட்டிராத குரல்.

"அன்பு ஆடியோஸ், தேரடித் தெரு. சேகர், வெயில் ஜாஸ்தி. தண்ணி குடிச்சிட்டு வண்டி எடுங்க. யாழினி உங்களக் கேட்டுக்கினே இருக்கா."

வழக்கமாக இதைக் கேட்பது ஒரே ஆள். விடியலில் காலி பஸ்ஸை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது முதலில் ஓடி முடிந்துவிடும் போலிருக்கிறது. இன்று அடி அண்ணாமலையே கேட்டது.

சேகர் அண்ணனிடம் சொன்னேன். பாட்டை மட்டும் நிறுத்தினார். "ஏன்பா நிறுத்தின, நல்லாத்தான இருந்துச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மே 31, ஞாயிறு

அக்கா போன் ஸ்விட்ச் ஆஃப். சாப்பிடவில்லை. அம்மா துளைத்து எடுத்துவிட்டார், எல்லாம் சொல்லிவிட்டேன்.

"பென்டிரைவுக்கு எவடி பொட்டு வெப்பா?"

"நீதான எதத் தொட்டாலும் பொட்டு வைம்ப."

அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "முப்பத்தாறு வயசு. அவளும் என்னதான் செய்வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த மாமியாக்காரி பச்சையம்மா. புள்ளைய வாரிக் குடுத்தவ. அத நெனச்சாலும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். யாராவது ஒருத்தரைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பல் வலி வேறு. தள்ளிப் போட்டதற்குத் தண்டனை.

ஜூன் 1, திங்கள்

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். அக்கா இருந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். ஒரு துணியைக் கையில் கொடுத்து ரெகார்டு அலமாரியைக் காட்டினார். துடைத்தேன். கீழ்த் தட்டு வரை துடைத்த பிறகுதான் பேசினார்.

நடந்தது: அன்று மதியம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததாம். ஒவ்வொரு முறை வரும்போதும் ஆம்ப்ளிஃபையர் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதல் தடவை யாழினியைத் தவிர யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் தடவை அக்கா கை கரண்டியோடு நின்றுவிட்டது. மூன்றாம் தடவை பந்தியில் சில பேர் தலை தூக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண், "யாரு சேகரு?" என்று சும்மா கேட்டாள். யாழினி, "பஸ் மாமா. கடைக்கு வருவாரே, எனக்கு கடலை மிட்டாய் வாங்கிட்டு வருவாரே" என்றாள். மாமியார் கையிலிருந்த வாழை இலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அத்தோடு சரி. அதற்கப்புறம் அக்காவோடு ஒரு வார்த்தை இல்லை. யாழினியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார், தலை வாரிவிடக் கூட அக்காவிடம் அனுப்புவதில்லை.

மாமனார்? அவர் பந்தி முடியும் வரை சோறு போட்டுக்கொண்டே இருந்தாராம். ஸ்பீக்கர் அவர் பக்கத்தில்தான் இருந்தது. கை நீட்டினால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன் என்று அக்காவுக்குப் புரியவில்லை. அதுதான் பயம். ஊர் முன்னால் என்னை நிற்க வைத்துத் தண்டிக்கத்தான் அப்படி விட்டாரோ என்கிறார்.

கடைசியில் என்னைப் பார்த்து, "உம்மேல கோவம் இருக்கு. ரெண்டு நாள்ல போயிடும். அதுக்குள்ள வந்து வந்து நிக்காத" என்றார். பிறகு, "நாளைக்கு வா" என்றார்.

ஜூன் 2, செவ்வாய்

செவ்வாய். சேகர் அண்ணன் வரவில்லை. அக்கா ரோட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது மாமனார்.

கோவிந்தன் என்று பெயர். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வயலும் கிரிவலப் பாதையில் ஒரு பூஜைச் சாமான் கடையும் உண்டு. ஒல்லி, தோளில் துண்டு. கடைக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. மகன் போன பிறகு இந்தத் தெருப் பக்கமே வர மாட்டாராம். என் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வெளியே போக எழுந்தேன். "இரும்மா. பொட்டு வெச்ச பொண்ணு நீதான?" என்றார். எங்கே ஓடுவது? நின்றேன்.

அக்கா நின்றுகொண்டே பேசினார். ஒப்பித்து வைத்திருந்த மாதிரி, ஒரே மூச்சில். தப்பாக எதுவும் நடக்கவில்லை, கடையில் வைத்துப் பேசியதோடு சரி, கடையை எடுத்துக்கொள்ளுங்கள், சாவி இதோ, யாழினியை மட்டும் என்னிடமிருந்து பிரிக்காதீர்கள். சாவியை மேசை மேல் வைத்துவிட்டார். விரலை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியவில்லை அவருக்கு.

மாமனார் சாவியைப் பார்க்கவில்லை. ரெகார்டுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நிறுத்தியிருக்கலாம்மா. கை எட்டற தூரந்தான். நம்ம மஞ்சுவா இதுன்னு கேட்டுக்கினே இருந்துட்டேன். அவன் போனப்புறம் வீட்ல நீ அப்படி பேசி நான் கேட்டதே இல்ல. சோறு வெக்கட்டுமா, மாத்திர போட்டீங்களா, அவ்ளோதான். உனக்கு அந்தக் கொரல் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு."

அக்கா அழுதார். நானும். வெட்கமில்லாமல் ரெகார்டு துடைக்கும் துணியில் மூக்கைச் சிந்தினேன்.

பிறகு அவர் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியே கேட்க ஆரம்பித்துவிட்டார். வீடு சொந்தமா? அம்மா அப்பா உண்டா? என்ன ஆளுங்க? குடிப்பானா? "டீ ஜாஸ்தி குடிப்பாரு மாமா" என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. என்ன ஆளுங்க என்பதற்கு அக்கா பதில் சொன்னதும் அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். வேற ஆளுங்கதான். "சரி. டிரைவர் வேலைல பேட்டா எல்லாம் ஒழுங்கா குடுக்கறாங்களா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கடை பற்றி அவர் சொன்னது: "தெனம் ஷட்டர தூக்கறவங்களுதுதான் கடை. போர்டு அப்படியே இருக்கட்டும். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

ஆனால் எழுந்து போகும்போது சொன்னது: "நான் சொன்னா நடந்துடாது. உங்க அத்த சொல்லணும். புள்ளையும் போச்சு, பேத்தியும் போவுதான்னு சொவத்தப் பாத்து ஒக்காந்திருக்கா. அவள நான் இன்னா சொல்லி எழுப்பறது?"

எனவே இன்னும் ஒன்றும் முடியவில்லை. கடை தப்பித்தது. அதற்காக நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கத் தோன்றவில்லை.

ஜூன் 3, புதன்

நாளை சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங்: பெட்ஷீட், எள்ளுருண்டை (அம்மா), மல்லாட்டை (அப்பா, மூட்டை கட்டப் பார்த்தார், தடுத்தேன்), மூன்று சி.டி. பல் டாக்டர் போகவில்லை.

கண்ணாடி ஃப்ரேமுக்கு டவுனுக்குப் போய் வந்தேன். மஞ்சள் பஸ்ஸில் பாட்டு இல்லை. சனிக்கிழமையிலிருந்தே இல்லையாம். என்ஜின் சத்தம் மட்டும். நெடுங்கம் ஸ்டாப்பில் ஏறிய ஒருவர், "இன்னாப்பா, எழவு வுழுந்த வூடு மாதிரி ஓட்டற?" என்றார். சேகர் அண்ணன் சிரித்துவிட்டு, "செட்டு ரிப்பேர்ணா" என்றார். செட் ரிப்பேர் இல்லை. எனக்குத் தெரியும்.

இறங்கும்போது என்னைக் கூப்பிட்டார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மாமனார் வந்து போனதைச் சொன்னேன், மாமியார் பற்றியும் சொன்னேன். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா அழறதுல நியாயம் இருக்கு. நான் எங்க போய் இன்னான்னு கேக்கறது? எங்கிட்ட குடுங்கன்னு எப்படிக் கேக்கறது?" என்றார். பின்னால் அரசு பஸ் ஹாரன் அடித்துத் தள்ளியது. எடுத்துவிட்டார்.

ஜூன் 4, வியாழன்

சென்னை பஸ்ஸில் எழுதுகிறேன். செஞ்சி தாண்டியாயிற்று. எழுத்து கோணல், மறப்பதற்குள் எழுத வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கடைக்குப் போனேன். தெருமுனையிலேயே தெரிந்தது, வாசலில் குட்டிச் செருப்பு, பக்கத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பு. உள்ளே ஸ்டூலில் மாமியார். பச்சையம்மா. மடியில் யாழினியின் ஸ்கூல் பை. யாழினி தரையில் உட்கார்ந்து காலி சி.டி. டப்பாக்களால் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தில் மாமனார். அக்கா கம்ப்யூட்டருக்குப் பின்னால், திரையைப் பார்த்த மாதிரி. திரை அணைந்திருந்தது.

எல்லோருக்கும் நடுவில் சேகர் அண்ணன், காக்கிச் சட்டையோடு, நின்றபடி. மாமனார் போன் செய்து வரச் சொன்னாராம். எவ்வளவு நேரமாக இப்படி இருந்தார்களோ தெரியவில்லை. ஃபேன் சத்தம். நான் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். கல்யாணம் கோயிலில் வைத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் கீழ்பென்னாத்தூரில் சேகர் வீட்டில் இருக்கட்டும், கடைக்கும் ஸ்கூலுக்கும் தினம் வந்து போகட்டும், சனி ஞாயிறு பாப்பா அடி அண்ணாமலையில் நம்மோடு இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. ஸ்கூல் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். முகம் வீங்கியிருந்தது. சுவரில் அன்பு அண்ணன் போட்டோ, மாலையோடு. ஒரு தடவை அதைப் பார்த்தார். பிறகு குனிந்து பையிடமே பேசுகிற மாதிரி சொன்னார்:

"இவளுக்கு பஸ்ல வாந்தி வரும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்காதான் முதலில் நிமிர்ந்தார்.

அந்த அம்மா இப்போது சேகர் அண்ணனைப் பார்த்தார். பையை அவரிடம் நீட்டினார்.

"தெனம் வரணும் இல்ல? முன்னாடி ஜன்னலோரம் ஒக்கார வெக்கணும். பின்னாடி வெச்சா ஆவாது."

சேகர் அண்ணன் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

"வெறும் வயித்துல ஏத்தாத."